தட்டுல வச்ச புத்தகம்

மொத்தம் ஒம்பது பேரு, பாய். எண்ணிக்கங்க. எங்க பக்கம் நானு, எங்க வீட்ல உமையாள், மகன் வேல்ராஜ், தம்பி வீரபத்திரன். பொண்ணு வீட்ல அய்யா, ஆத்தா, தாய்மாமன் தவசி, பொண்ணு சத்யப்பிரியா. எட்டாச்சா? பூசாரியோட ஒம்பது. காபி கொண்டாந்த அம்மா வாசப்படி தாண்டல, அதச் சேக்கல.

முந்தாநாளு நிச்சயத்தத்தான் சொல்றேன். புத்தகம் என்னாச்சுன்னு கேட்டீகள்ல, அதுக்குத்தான் வாரேன்.

அந்தப் புள்ள எம்.இ. படிக்கிது. சேல வேணாம் மாமா, தட்டுல இந்தப் புத்தகத்த வைங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. நீங்களும் சரியாத்தான் எடுத்து வச்சீக, ஃபிராக்சர் மெக்கானிக்ஸ். நாந்தான் அட்டையப் பாத்தேன். இரும்பு ரெண்டா வெடிச்சு நிக்கிது! என்னா பாய் இதுன்னா, பொருளு எப்புடி ஒடையிதுன்னு சொல்ற புத்தகம்னீக.

வெத்தல, பாக்கு, மஞ்ச, குங்குமம், நடுவுல ஒடையிற புத்தகமா? போன வருசம் தட்டு மாத்தயில கண்ணாடி வளையலு ஒடஞ்சுச்சு. ஒன்னே ஒன்னு. அதுக்கே கமுதிச் சம்பந்தம் நின்னு போச்சு. மகனுக்கு இப்ப முப்பத்தி நாலு முடிஞ்சு அஞ்சு மாசம்.

அதான் பக்கத்துல இருந்த சர்ஃபேஸ் மெக்கானிக்ஸக் கேட்டேன். அட்டையில ரெண்டு உருண்ட ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு, பாக்கவே லச்சணமா. பக்கமும் நாப்பத்தாறு கூட. நீங்க ரெண்டு தடவ வேணாம்னீக, இல்லைங்கல.

சபையில புள்ள பாத்துட்டு, இது இல்லியே மாமா, இது ஒரசி ஒரசித் தேயிறதப் பத்துன புத்தகம்னுச்சு. ஒடையிறதுக்குப் பயந்து தேயிறதுல போயி விழுந்திருக்கேன்! எட்டுத் தலையும் என்னயத் திரும்பிப் பாக்குது. எனக்குக் கூட்டத்துல பேச வராது பாய். வந்தது ஒரே வார்த்ததான்.

நீங்க கோவிச்சுக்கக் கூடாது பாய்.

கடைக்கார பாய் மாத்திக் கட்டிட்டாருன்னுட்டேன்.

உக்காருங்க, உக்காருங்க. தப்புத்தேன். அந்த ஒடையிற புத்தகத்தையும் இப்பவே வாங்கிக்கிறேன். புள்ள வந்து கேட்டா ஆமான்னு தலைய ஆட்டுங்க, அம்புட்டுத்தான். அது எத எடுத்தாலும் ஏன் ஒடஞ்சுச்சுன்னு தோண்டுற புள்ள. பொய் சொல்ற வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன்னு வேற மகன்ட்டச் சொல்லியிருக்கு. இன்னிக்குப் பத்து மணிக்கு நானே கடையில போயிக் கேட்டுக்கிறேன்னுச்சாம். அதேன் நயினார்கோயில்லருந்து மொத பஸ்ஸப் பிடிச்சு ஓடியாந்தேன்.

ஒம்பதுல என்னயக் கழிச்சிருங்க, எட்டு. ஏழு பேரு நம்பிட்டாக. அந்தா, ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டுப் படியேறுது பாருங்க, பாக்கி ஒன்னு.