பர்தாக் எந்த ஊர் வார்த்தை?

ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய் போகிற பஸ்ஸில் எனக்குப் பின்னால் நம்மூர் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் ஹோட்டல் கிச்சனில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது.

“ஒரு வார்த்தையால என் லீவே போயிருக்கும் மாப்ள.”

“கெட்ட வார்த்தையா மச்சான்?”

“பர்தாக். எங்க செஃப் துருக்கிக்காரரு, அவருக்கு அது கண்ணாடி கிளாஸ். மேனேஜரம்மா ரஷ்யா. அவங்க ஊருல, எடம் அலங்கோலமாக் கெடந்தா அதான் பர்தாக். ‘எங்க வார்த்தை உங்க ஊருக்கு வந்துதான் கெட்டுப்போச்சு’ன்னுட்டாரு செஃப்.”

“நீ இங்க வந்து கெட்ட மாதிரி.”

“கேளுடா. ‘எங்க வார்த்தைக்கும் உன் கிளாஸுக்கும் சம்பந்தமே இல்ல’ன்னு அந்தம்மா ஒரே சத்தம். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு நான் நடுவுல நிக்கிறேன். ரெண்டு பேரும் சரின்னாத்தான் லீவு. யாரு சொல்றது சரின்னு என்னையவே கேக்குறாங்க.”

“யாரச் சொன்னாலும் லீவு போச்சு, கலாஸ்!”

“அதான், ரெண்டு பேரும் இல்ல, அது எங்க தமிழு, பாத்திரம்தான் அங்க போயி பர்தாக் ஆயிருச்சுன்னு அடிச்சு விட்டேன்.”

“அடப்பாவி! அப்புறம்?”

“அதுவரைக்கும் அடிச்சிக்கிட்டவங்க, ஒண்ணாச் சேந்து என்னையத் திட்டுனாங்க. ‘இவனுக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சு, மொதல்ல ஊருக்கு அனுப்பு’ன்னு அந்தம்மா சொல்லுது. செஃப்பும் ஆமாங்கிறாரு.”