ஒத்த ரிங்கு

— ஏ சசி, மறுக்கா போட்டுப் பாரேன்.

— போட்டுட்டேன் அத்த. ரிங் போவுது, எடுக்கல. துடுப்பு புடிச்ச கையில எப்பிடி எடுப்பாரு உங்க மவன்?

— ஆத்துல வெள்ளம் வருது, பரிசல எறக்காதீங்கன்னு மைக்குல கத்தறானுங்க. வலைய எடுத்தாறன்னு போயிருக்கானே எங்க அருளு! வலை போனா போவுது சனியன்னு இருக்கக்கூடாதா?

— அதான் சென்றாயன் மாமா கயித்த எடுத்துக்கிட்டு ஆளுங்களோட ஆத்தோரமா தேடிப் போயிருக்காரே. மாமனாரும் பரிசல் ஏறின எடத்துக்கு ஓடியிருக்காரு. கரையேறினதும் ஒத்த ரிங் வரும் பாருங்க.

— ஆமா, பெரிய ரிங்கு! ஒரே சத்தம். அதுல எத்தன சேதிடி வெச்சிருக்கீங்க?

— ஒத்த ரிங்குன்னா கரையேறிட்டேன். ரெண்டுன்னா மீனு கெடச்சிருக்கு, மொளகா அரை. உட்டு உட்டு அடிச்சா...

— அடிச்சா?

— போங்கத்த. சண்ட போட்டதுக்கு சமாதானம்.

— காலையில சண்டையா?

— வலை போனா சோத்துக்கு என்ன வழின்னு நாந்தான் வாய வுட்டேன். அதுக்குத்தான் போயிட்டாரு அத்த.

— அழுவாதடி. மாதேஸ்வரா, எம்புள்ளையக் கரை சேத்துடு சாமி, மொட்ட போடறேன்.

— அத்த! அடிக்குது! அவரு நம்பருதான்!

— எடுடி!

— எடுக்கக்கூடாதுங்க, அதான எங்க வழக்கம்... நின்னுபோச்சு. ஒத்த ரிங்! கரையேறிட்டாரு அத்த!

— திருப்பிப் போடு. கொரலக் கேட்டாத்தான் எனக்கு உசுரு வரும்.

— சுவிச் ஆஃப்ங்குது. சார்ஜ் தீந்திருக்கும்.

— நெசமா கரையேறிட்டானா?

— கல்யாணமானதுலருந்து இந்த ரிங்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்ல.

— அப்பச் சென்றாயனுக்குச் சொல்லு. அவனுங்களும் புள்ளகுட்டிக்காரனுங்க, வெள்ளத்துல நிக்க வேணாம்.

— அலோ, மாமாங்களா? அவரு கரையேறிட்டாருங்க. ரிங் வந்துடுச்சு. நீங்க தேட வேணாம், திரும்பிடுங்க. ஆமாங்க, நிச்சயமாங்க.

— என்னாங்கறான்?

— எல்லாரும் மேல ஏறிட்டாங்களாம். ஒலை வைக்கட்டுங்களா?

— வையி, வையி. அதோ உங்க மாமனாரு ஓடியாறாரு. ஏங்க, புள்ள பின்னால வரானா?

— ஏம்மா சசி, சென்றாயன இன்னுங் கீழ போயித் தேடச் சொல்லும்மா. அருளு சட்டையும் போனும் பரிசல் ஏறின பாற மேலயே கெடக்குது. அதச் சொல்லத்தான் அவன் போன்லருந்து உனக்கு அடிச்சேன், ஒரு ரிங்குலயே அணைஞ்சுபோச்சு.