சாலம்மாளின் வேர்

வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற பொடி கொஞ்சம் கசக்க வேண்டும் சார். கசக்காவிட்டால் நம் ஜனங்கள் அதை மருந்தென்றே ஒத்துக்கொள்வதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து நான் தெரிந்துகொண்டது இது. டாக்டர் காலமானதும் அதே தெருவில் நாட்டு மருந்துக் கடை போட்டேன்.

அந்தப் பொடிக்கு வேர் கொண்டுவந்தவள் சாலம்மாள். கரியாலூருக்கும் மேலே மலையில் அவள் வீடு. செவ்வாய்தோறும் முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குவாள். மூட்டுவலிக்கு அவள் குடும்பத்தார் காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. நல்ல வேர்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வலி இறங்க இருபது நாள் ஆகும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவன் இருபது நாள் காத்திருப்பானா? விடிந்தால் அவன் வயலில் நிற்க வேண்டும். அதனால் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துப் பொடியில் சேர்த்தேன். நீங்கள் சோதனைக்கு எடுத்துப்போன பொட்டலத்தில் இருப்பது அதுதான். உங்களுக்கு வீண் சிரமம் எதற்கு, நானே சொல்லிவிடுகிறேன்.

குச்சி ஊன்றி வந்தவர்கள் கைவீசி நடந்தார்கள். முகம் ஊதிப்போனதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். எல்லாரும் வாழ்த்தியது சாலம்மாளின் வேரைத்தான். உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவர் நடுக்கடையில் அவள் காலில் விழுந்தார். அவள் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

பிறகு அவளுக்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. வீட்டில் தன் வேரை இடித்துக் குடித்துப் பார்த்திருக்கிறாள், சீக்கிரம் கேட்கவில்லை. “உங்க கை பட்டாதாங்க அது வேலை செய்யுது” என்று என்னிடமே பொட்டலம் வாங்கினாள். எட்டு மாதம், ஒரு வேளை தவறாமல். கன்னம் உப்பியது. கைத்தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனது. கம்பவுண்டர் கண்ணுக்கு அது தப்புமா? தப்பவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில்தான் அவர்கள் வேர் தோண்டுவார்கள். காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். தோண்டுகிற வேலை ஏழு நாள் நடக்கும்; அந்த ஏழு நாளும் தோண்டுகிறவர் எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மீறினால் வேர் தன் குணத்தை விட்டுவிடுமாம்.

அந்தத் தையில் கடைப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

“ஏழு நாளைக்குப் பொடிய நிறுத்தப்போறேங்க. ஒண்ணும் ஆவாது இல்ல?”

மாதக்கணக்கில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்துபோயிருக்கும். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் வெறும் வேர்ப்பொடியை நிறுத்தாதே என்றால் அவள் ஏன் என்று கேட்பாளே.

“ஒண்ணும் ஆவாது சாலம்மா. போய்க்கினு வா” என்றேன்.

ஐந்தாம் நாள் தோண்டுகிற இடத்திலேயே விழுந்துவிட்டாள். மகன் பழனி ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். ஓயாத வாந்தி, ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. மத்தியானம் அவன் என் கடைக்கு ஓடிவந்தான். மண்வெட்டி பிடித்த கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை.

“டாக்டரம்மா கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. பொடியில இங்கிலீஷ் மருந்து எதனா கலந்திருக்குதுங்களா?”

“இன்னா பழனி இப்படிக் கேக்கற? உங்கம்மா கொண்டாந்த வேருதான். வேற இன்னா இருக்கும்?”

அவன் நம்பினான். தலையாட்டிவிட்டு வந்த வழியே ஓடினான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ் வந்து நிற்கும்போது கடைப்படியில் மூட்டை இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை, படியில் வேர் வாசனை மட்டும் அடிக்கும். பினாயில் ஊற்றிக் கழுவியும் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது சார், அதை மறைப்பானேன். ஒண்ணும் ஆவாது இல்ல என்று அவள் கேட்பாள். ஒண்ணும் ஆவாது என்று நானும் சொல்வேன். ஒரு செவ்வாய்கூட வேறு பதில் என் வாயில் வரவில்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். பழனி கேட்டபோது, அவளைப் பிழைக்கவைக்கிற ஊசி மருந்து என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். நானே எடுத்துப் போயிருக்கலாம். மாத்திரையின் பேரை மட்டும் சொல்லியிருந்தாலும் போதும், அந்த டாக்டரம்மா காப்பாற்றியிருப்பார்கள். எல்லாம் தெரிந்துதான் நான் வாயைத் திறக்கவில்லை. பிழைத்து எழுந்தால், அத்தனை பேரையும் நடக்கவைத்தது தன் வேர் இல்லை என்று யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்? அந்தக் கஷ்டத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை சார்.