மாமா என்றொரு காலி டப்பா

என் மச்சான் நன்றாகக் காபி போடுவான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கல்லூரி மாணவர்கள் எழுதும் புரோகிராம்களுக்குத் தானாகவே மதிப்பெண் போடுகிறதே, அந்த அமைப்பைச் சோதிப்பது என் வேலை. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதால் எங்கள் ஆபீசில் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் முட்டி மோதினால் மாமியார் மயங்கி விழுகிறாளா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஆயிரம் போலி மாணவர்களை உருவாக்கி, ஆளுக்கொரு புரோகிராம் அனுப்ப வைப்பேன். முடிந்ததும் எல்லாரையும் அழித்துவிடுவேன். ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

மச்சான் என் மனைவியின் தம்பி. உங்கள் கடைசி வருட மாணவன். எங்கள் ஹால் சோபாதான் அவனுக்குப் படுக்கை. கடைசிப் புரோகிராம் பயிற்சியில் தேறினால் வேலை கையில். பார்த்து எழுதினான் என்று மாமியார் சொல்லிவிட்டால் படிப்பே போய்விடும். இது எனக்குத் தெரியும்.

அனுப்புவதற்கு முதல் நாள் புரோகிராமை என்னிடம் காட்டினான். அழகாக இருந்தது. எண்களைப் போட்டுவைக்கும் டப்பாக்களுக்கு வீட்டு ஆட்களின் பெயரை வைத்திருந்தான். எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பார்க்கிற டப்பா ‘அக்கா’. எதையாவது கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு காலியாகிவிடுகிற டப்பா ‘மாமா’.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்க இல்லன்னா ரெண்டு நம்பர இடம் மாத்தவே முடியாது.”

“அதுக்காவது ஆகுறாரே,” என்றாள் என் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

சோதனைக்கு ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. அவனுடையது கையில் இருந்தது. ஆயிரம் நகல் எடுத்து அன்றே அனுப்பினேன். மாமியார் அசையவில்லை, கெட்டிக்காரி. முதலில் வந்த போலிக்கு முழு மதிப்பெண் கொடுத்தாள். மற்ற போலிகளுக்கும், மறுநாள் அனுப்பிய மச்சானுக்கும், பார்த்து எழுதியதாகப் பூஜ்யம் போட்டாள்.

“ஒருத்தனப் பாத்து எழுதினேன்னா நம்பலாம். ஆயிரம் பேர எப்படி மாமா பாத்து எழுதுவேன்?” என்று சோபாவில் சுருண்டுகொண்டு கேட்டான். மனைவி அழுதாள். அன்று நான்தான் காபி போட்டேன்.

போலிகளை அழிக்க மறந்துவிட்டதாகப் போன தடவை உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. மச்சான் அனுப்புவதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

நகல்களில் ‘மாமா’ இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘மச்சான்’ என்று இருப்பதைப் பார்த்துத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்? பெயரை மாற்றினால் மாமியார் ஏமாறுகிறாளா என்று பார்க்க வேண்டாமா? அதுவும் என் வேலைதான். அவள் ஏமாறவில்லை. சோதனை வெற்றி.

நகலெடுத்ததும் அனுப்பியதும் கம்ப்யூட்டர் தானாகவே செய்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் ஆயிரம் நகலிலும் நானே கையால் அடித்தேன். விரல் வலிக்கவே இல்லை மேடம். கோபத்தில் இருப்பவனுக்கு அவ்வளவு பொறுமை வருமா, நீங்களே சொல்லுங்கள்.