மிர்ஸாவுக்கு ஆன செலவு

சிரிக்காதீங்க சம்பந்தி. பூனைக்கு என்ன பெரிய செலவு, மீந்த கறியப் போட்டா தின்னுட்டுக் கெடக்கும்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. உங்க கிராமத்துல எலி புடிக்கிற பூனைக்கு அது சரி. இது காகிதத்தோட வந்த ஜாதிப்பூனை. அப்பன், பாட்டன், பூட்டன் பேரெல்லாம் எழுதி முத்திரை குத்திக் குடுத்திருக்கான். ஏழு தலைமுறைப் பேரு சொல்லுடான்னா உங்க மகன் மிராஸ் மூணுலயே முழிப்பான். இது அவன விடப் பெரிய குடும்பம்.

மருமகளையா? கூப்பிடலாம், கூப்பிடலாம். எங்க ஜானாரக் கூட்டிட்டுப் போகத்தானே இம்புட்டுப் பனியில வண்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. மொதல்ல டீயக் குடிங்க. அரைக் கிண்ணம்தான் ஊத்திருக்கேன், விருந்தாளி இன்னும் உக்காரணும்னா அதானே நம்ம வழக்கம், நெறைச்சு ஊத்துனா கெளம்புன்னுல்ல ஆயிரும். குதிரைக்கறி எடுத்துக்குங்க, நான் வெட்டுனது. தராஸ் சந்தையில என் கடைத் துண்டுல எலும்புச் சில்லு கெடைச்சதுன்னு ஒரு பய சொன்னதில்ல.

செலவச் சொல்றேன், கேளுங்க. குட்டி விலை உங்களோடது. போன வருஷம் சூப்புல உப்பு பத்தலன்னு உங்க மகன் எங்க ஜானாரோட தாடையப் பேத்தானே, அப்ப அபராதமா வந்தது இது. குதிரையும் மேலங்கியும் கொண்டாந்து வைக்கிறதுதான் நம்ம வழக்கம். உங்க மகன் தொரை பேங்க்ல வேலை பாக்குறவரு, காது மடிஞ்ச ஸ்காட்லாந்துப் பூனை குதிரைய விட மதிப்புன்னு கூடையில வச்சு எடுத்தாந்தாரு. நான் வேணாம்னேன். பொம்பளைக்கு என்ன பேச்சுன்னு எங்க மூத்த மச்சாண்டாரு வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. உடனே நீங்க எந்திரிச்சு, ரெண்டு கையும் ஏந்திச் சொன்னீங்க, மறந்திருக்க மாட்டீங்க. அபராதம் வாங்கியாச்சு, இனி இதப் பத்தி எவன் வாயத் தொறந்தாலும் தொறந்தவன் மேலதான் குத்தம்னு. பேச்சு முடிஞ்சதுக்கு அடையாளமா எல்லாரும் மூஞ்சியத் தடவிக்கிட்டீங்க. தாடையில கட்டோட எம்மக உங்க கார்ல ஏறுனா, மடியில இந்த மிர்ஸா.

அதுலேர்ந்து எண்ணுங்க. தீனி டப்பாவுல வருது, நம்ம கறிய விட விலை கூட. அது போறதுக்கு மணல் வேற காசு குடுத்து வாங்கணும். வாலு வெறைக்குதேன்னு டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போனா, காது மடிஞ்சது அழகு இல்லம்மா, அது நோயிங்கிறாரு. காதுல இருக்கிற குருத்தெலும்பு நோயி காலுலயும் இருக்காம். தாய் தகப்பன் ரெண்டும் மடிஞ்ச காதா வச்சு, காசுக்காகக் குட்டி போட வச்சிருக்கானுங்க. சாகுற வரைக்கும் வலி மாத்திரையாம். பதினஞ்சு வருஷம் கூட இருக்குமாம். பாக்க அம்சமா இருக்கும், உள்ள எலும்பெல்லாம் கெட்டுக் கெடக்கும். உங்க வீட்டுலேர்ந்து வேற என்ன வரும்.

இருங்க, கோவப்படாதீங்க. அது காசு, அது கெடக்கட்டும். மத்த செலவு இருக்கு. மாத்திரை பில்லப் பாத்தான், இவ மணிக்கட்டு போச்சு. அவன் பூட்ஸ்ல இது ஒண்ணுக்குப் போனதுக்குக் கீழ்வரிசையில ரெண்டு பல்லு. சோபாவப் பிராண்டுனதுக்கு இஸ்திரிப்பெட்டி, சூட்டோட, முதுகுல. அவ வாயே தொறக்கல. அபராதம் வாங்கின வீட்டுப் பொண்ணாச்சே, தொறந்தா எங்க மேலல்ல குத்தம்.

அப்புறம் இந்த மாசம். வலி தாங்காம இது கத்தியிருக்கு. பின்னங்காலப் புடிச்சுத் தூக்கி ரேடியேட்டர்ல அடிச்சிருக்கான். ஜானார் குறுக்க விழுந்தா. வயித்துல நாலு மாசம்னு அவனுக்குத் தெரியும். பூட்ஸ் காலோட மிதிச்சான், பூனைய விட்டுட்டு இவள. பேரப்புள்ளைய இனி நீங்களும் பாக்கப் போறதில்ல, நானும் பாக்கப் போறதில்ல. பனியில வெறுங்காலோட வந்து நின்னா சம்பந்தி. கோட்டு பூனையச் சுத்தியிருக்கு. தொடையில ரத்தம் உறைஞ்சு துணியோட ஒட்டிப் போச்சு, வெந்நி ஊத்தித்தான் எடுத்தேன். தெனம் குதிரைய அறுக்கிறவ நான், அன்னைக்குச் சின்னப்புள்ள மாதிரி அழுதேன்.

இப்ப நீங்க ஒரு மேலங்கியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல வெல்வெட்டுதான், ஜரிகையும் சுத்தம். வேணாம், மடிச்சு வைங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பூனைய நீங்க திருப்பி வாங்கிக்கணும். இதக் கட்டி மாரடிக்க என்னால ஆகாது. நீங்க வாங்கிட்டா அப்புறம் மருமக பேச்சப் பேசலாம்.

சரியா? அதான் பெரிய மனுஷன். அய்ய, வாலப் புடிக்காதீங்க, கடிச்சிரும். அடியில கை குடுத்துத் தூக்குங்க. அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரங்களும் பாக்கட்டும். குல்சிம் அக்கா, செத்த உள்ள வாங்க, உங்க வீட்டு அண்ணனையும் கூட்டிக்குங்க. பாத்துக்குங்க, சம்பந்தி மடியில வாங்கிட்டாரு. சும்மா குடுக்கல சம்பந்தி, அபராதமாக் குடுக்கிறேன். எதுக்கா? உங்க வீட்டுச் சொத்துக்கு என் கையால சேதம் ஆயிருச்சுல்ல, அதுக்குன்னு வச்சுக்குங்க. சிரிச்சாப் போதாது, வாயாலயும் ஒரு தடவ சொல்லிருங்க. ம். வாங்கிட்டேன்னு சொல்லிட்டாரு, கேட்டீங்கல்ல அக்கா. மூஞ்சியத் தடவிக்குங்க எல்லாரும்.

இப்பச் சேதத்தச் சொல்றேன். காலையில உங்க மகன் கடைக்கு வந்தான். நீங்க மலைப்பாதையில இருந்திருப்பீங்க, அங்க போன் எடுக்காது. என் வெட்டுக்கட்டையில கைய ஊனிக்கிட்டு, அவள எங்கடி ஒளிச்சு வச்சிருக்க, முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்னான். மாமியாள 'டி' போட்டுப் பேசுறான். எந்தக் கையாலடான்னு கேட்டேன். இதாலதான்னு கட்டை மேலயே விரிச்சுக் காமிச்சான். வெலா எலும்புக்கு ஓங்குன கோடாலி கையிலதான் இருந்துச்சு.

உக்காருங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரில கெடக்கான். நாலு வெரலு போச்சு. கட்டைவெரல விட்டுட்டேன், விவாகரத்துக் காகிதத்துல ரேகை உருட்ட அது போதும். ஜானார் உள்ள இல்ல, நேத்தே ரயிலேத்தி விட்டாச்சு. எந்த ஊருன்னு குல்சிம் அக்காவுக்கே தெரியாது. போலீஸ்காரன் வந்தான், கட்டையில கைய வச்சது அவன் தப்புன்னு கறிக்கடை வரிசையே சொல்லிருச்சு. இனி கேஸுன்னு போனா உங்க வீட்டாளுங்கதான் போகணும். போக மாட்டீங்க. அபராதம் வாங்கின மனுஷன் வாயத் தொறந்தா யாரு மேல குத்தம்னு ஊருக்கே சொன்னவரு நீங்க.

கிண்ணத்துல இந்தத் தடவ விளிம்பு தட்ட ஊத்திருக்கேன், பாத்தீங்கல்ல. குடிச்சிட்டுக் கெளம்புங்க சம்பந்தி.