முதல் ஓலை

— நாளைக்குப் பூசையில என் ஓலைய வாசிக்காதீங்க, வீரமணி அண்ணா.

— நல்லாருக்குது கலை, நீ சொல்றது. கல்யாண ஓலைய வாசிக்கறதுதான உபதேசியார் வேல? மூணு ஞாயிறு பொண்ணு மாப்ள பேர வாசிக்கணும், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும், அப்புறம்தான் தாலி. உன் மாப்ள தமிழழகன் வெள்ளிமலையிலேர்ந்து ஒரு வேன் ஆளக் கூட்டிக்கினு வர்றாராம், தன் பேரு கோயில்ல கேக்குமேன்னு. நீ இன்னான்னா...

— அந்த வேனுக்குப் பின்னால தாலுக்கா ஆபீசு ஆர்.ஐ.யும் வர்றாரு.

— யாரு சொன்னா?

— தலையாரி. எவனோ மொட்டை மனு போட்டுட்டான். "கலையரசி இந்து ஆதிதிராவிடர்னு சர்டிபிகேட்டு குடுத்து டைப்பிஸ்டு வேலைக்குத் தேர்வாயிருக்கா. ஆனா அவ கிறிஸ்துவச்சி, கல்யாணமே கோயில்லதான்"னு. பின் பெஞ்சுல குந்திக்கினு ஓலைய கேக்கப் போறாராம்.

— அவ்ளோதான? நான் பயந்தே பூட்டேன். இரு, வரிசையா சொல்றேன். ஞானஸ்நானப் புஸ்தகத்துல நீ யாரு?

— சலேத்மேரி.

— பள்ளிக்கூடத்துல?

— கலையரசி.

— உங்கப்பா ரேஷன் கார்டுல சின்னதுரை, இங்க அந்தோணி. நான் வாசிக்கப் போறது, "அந்தோணியின் மகள் சலேத்மேரி". ஆர்.ஐ. அத நோட்டுல எழுதிக்கினு போயி ஃபைலப் பொரட்டுவாரு. அப்படி ஒரு பொண்ணே இருக்காது.

— நல்லா யோசிச்சு வெச்சிருக்கீங்க.

— நான் எங்க யோசிச்சேன்? நம்ம காலனியே யோசிச்சது. பாட்டுக்குழுவுல பதினாலு பேரு. அதுல ஒம்பது பேருக்குக் கோயில் பேரு ஒண்ணு, சர்டிபிகேட்டு பேரு ஒண்ணு.

— தமிழழகனுக்கு எல்லா எடத்துலயும் ஒரே பேருதான்.

— அவருக்கு இன்னா கொறச்சல்? மலைசாதி, மலையாளின்னு பேரு, எஸ்.டி. அவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் சட்டம் கேக்காது. நாம கிறிஸ்துவன்னு சொன்னா எஸ்.சி. பூடும், பி.சி. ஆயிடுவோம்.

— அவருக்கு ஊத்தினதும் அதே தண்ணிதான?

— அதே தண்ணி, அதே எண்ணெ. மலை மேல ஊத்தினா ஒண்ணும் ஆவாது. கீழ ஊத்தினா சர்டிபிகேட்டு கரைஞ்சிடும்.

— சிரிக்காதீங்க. தண்ணி ஊத்தின அன்னைக்கு எங்க வூடு காலனிய வுட்டு ஊர்த்தெருவுக்கு வந்துடுச்சா? சர்டிபிகேட்டு மட்டும்தான் கரையுமா?

— ஆர்.ஐ.கிட்ட அதக் கேட்டு இன்னா பண்றது? சட்டத்த அவரா எழுதினாரு?

— சரி. பூசை முடிஞ்சு நேரா உங்ககிட்ட வருவாரு. "இந்தச் சலேத்மேரிதான் கலையரசியா?"ன்னு கேப்பாரு. இன்னா சொல்லுவீங்க?

— தெரியாதும்பேன்.

— உங்க அம்மா சாலம்மாதான் எனக்கு ஞானத்தாய். கையில ஏந்திக்கினு வந்து தண்ணி ஊத்த வெச்சது அவங்க.

— இருக்கட்டுமே. மூணு ஓலைக்கும் வந்து கேட்டாலும் மூணு தடவையும் தெரியாதும்பேன். வேதத்துல மூணாவது தடவைக்குக் கூவின கோழி இங்க கூவாம நீ பாத்துக்கோ.

— இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கீங்களா?

— உபதேசியாரா வந்து பதினெட்டு வருசம். ஆறு தடவை ஆபீசுலேர்ந்து வந்து கேட்டாங்க. ஆறு தடவையும் தெரியாதுதான். ஒருத்தி நர்ஸு, ஒருத்தன் கண்டக்டரு. எல்லாம் நல்லா இருக்குதுங்க.

— அதனாலதானா அண்ணா?

— எதனால?

— பூசையில ஃபாதர் நாக்குல வெக்கற அப்பம், அந்த நன்மைய நீங்க வாங்கி நான் பாத்ததே இல்ல. கோயிலே எழுந்து வரிசையில நிக்கும். நீங்க மட்டும் ஆர்மோனியத்துக்கிட்ட நின்னுக்கினு பாட்டு புஸ்தகத்தப் பொரட்டுவீங்க. கேட்டா கமலா அண்ணி, "அவருக்குச் சுகரு, மாத்திரைக்காக சாப்ட்டுட்டு வர்றாரு. சாப்ட்டா நன்மை வாங்கக் கூடாதில்ல"ங்கும்.

— கமலாகிட்ட நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

— சுகரே இல்லியா?

— மெதுவா பேசு. ஃபாதர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு.

— அவருகிட்டயே அந்தப் பொய்யச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்க வேண்டியதுதான?

— அது எப்படின்னா... இரு, வரிசையா சொல்றேன். செஞ்சதச் சொல்லணும். அதுக்கு வருத்தப்படணும். இனிமே செய்யமாட்டேன்னு மனசுல முடிவு எடுக்கணும். மொத ரெண்டு எனக்கு வந்துடும். மூணாவதுதான் வரமாட்டேங்குது. அடுத்த புள்ளைக்கு ஆபீசுலேர்ந்து ஆளு வந்தா, திரும்பவும் தெரியாதுன்னுதான சொல்லுவேன்? அத மனசுல வெச்சுக்கினு முட்டி போட்டா, அது ஃபாதர்கிட்டச் சொல்ற ஏழாவது பொய்யி.

— எத்தினி வருசமா?

— நர்ஸு பொண்ணுக்குச் சொன்னதுலேர்ந்து. பதினேழு ஆவுது. அத வுடு, பழகிடுச்சு. உங்கப்பா கரும்பு வெட்டின கையப் பாத்திருக்கியா? சோகை கிழிச்ச கோடு இன்னும் கீது. நீ ஃபேனுக்குக் கீழ குந்தி டைப் அடிக்கணும். அத நெனச்சா "தெரியாது" தானா வாயில வருது.

— அப்பா கையப் பாத்துக்கினுதான் படிச்சேன்.

— அப்புறம் இன்னா? தைரியமா வூட்டுக்குப் போ. இதோ பாரு, ஓலை ரெடி. "அந்தோணியின் மகள் சலேத்மேரி." முத்து முத்தா எழுதியிருக்கேன்.

— பேனாவக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்களேன்.

— இன்னா எழுதற? ஏய்... "சின்னதுரை என்கிற அந்தோணியின் மகள், கலையரசி என்கிற..." கலை! இத வாசிச்சா பின் பெஞ்சுல இருக்கறவருக்கு என்னைக் கேக்கவே தேவையில்ல. உன் வேல பூடும்!

— தெரியும்ணா. நாளைக்குச் சாப்புடாம வாங்க.