பொம்மைக்குப் போர்த்தாத துண்டு

தையற்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! நரைத்த தலையும் நடுங்காத கையுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! முதுகுவலியை மறைத்து முகமலர்ச்சியோடு வந்திருக்கும் தாய்மார்களே! மேடைப் பழக்கமில்லாத இந்தக் கட்டிங் மாஸ்டரின் பணிவான வணக்கம்.

என் மனைவியை உங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டுமா? ரவிக்கை தைக்கச் சொல்லிக்கொடுத்து இணையத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ போட்டவள். "அவசரப்படாதீங்க அக்கா, துணி எங்கேயும் ஓடிப்போயிடாது" என்பாளே, அவள்தான். நான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சலென்று படுத்தவள் எழவில்லை. எனக்கு எஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்தக் குரலையும் தொலைத்தவன் நான், பெரியோரே, நானேதான்! அளவு பார்க்கக் கடையில் நிறுத்தியிருக்கும் பொம்மை உங்களுக்குத் தெரியும். படம் எடுக்கும்போதெல்லாம் அவள் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்துவாள்.

"எதுக்கு? பொம்மைதானே?" என்பேன்.

"உங்களுக்குப் பொம்மை. பாக்கறவங்களுக்கு அப்படியா?" என்பாள்.

முப்பது வருடம் அதில் குண்டூசி குத்தியவனுக்கு அது உடம்பாகத் தெரியுமா? அவள் நினைவாக, அவள் வீடியோ போட்ட இணையக் கணக்கிலேயே, அந்தப் பொம்மையைப் படம் எடுத்துப் போட்டேன், துண்டில்லாமல். இணையக் கம்பெனிக்காரர்கள் நீக்கினார்கள். "என் பெண்டாட்டி பொம்மையை எவன் எடுக்கிறது?" என்று மறுபடி போட்டேன். நீக்கினார்கள். வீம்புக்கு மூன்றாம் முறையும் போட்டேன். வந்தது தீர்ப்பு: ஆபாசம்! கணக்கு முடக்கம்! அவள் வீடியோ அத்தனையும் அதோடு போயின.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

முறையிட்டேன். கணக்குக்கு உரியவர் போன் கேமராவில் முகத்தைக் காட்டவேண்டுமாம். இடப்பக்கம் திரும்பவேண்டுமாம், வலப்பக்கம் திரும்பவேண்டுமாம். எந்த முகத்தைக் காட்டுவேன்? எங்கிருந்து அழைத்து வருவேன்? சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றிப் போனுக்கு முன் பிடித்தேன். இடப்பக்கம் திருப்பினேன். வலப்பக்கம் திருப்பினேன். பின்னால் வந்து நின்ற என் மகள் சொன்னாள்: "அப்பா, எவ்வளவு திருப்பினாலும் படத்துல அம்மா காது தெரியாதுப்பா. வச்சிடுங்க."

இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். "முடிவு இறுதியானது" என்று ஒற்றை வரி வந்தது. எழுதியவர் யார்? கையெழுத்து உண்டா? போய்த் தட்ட ஒரு கதவு உண்டா? கெஞ்சினேன். கோபத்தில் திட்டியும் எழுதினேன். அதே வரிதான் வந்தது.

அதனால்தான் இந்த மேடை ஏறினேன். அவள் வீடியோ ஒன்றையாவது போனில் இறக்கி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்.

பின்வரிசையில்? கதவோரம் நிற்பவர்கள்?

என்ன தாயே? "லைக் போட்டேன், இறக்கி வைக்கலையே அண்ணே" என்கிறீர்களா? தலை குனியாதீர்கள். இருபத்தாறு ஆண்டு உடன் வாழ்ந்த நானே வைக்கவில்லையே! துணியில் கத்தரி வைக்குமுன் தாளில் வெட்டி அளவைப் பத்திரப்படுத்தும் கூட்டம் நாம். ஒரு குரலுக்கு நகல் எடுக்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

இன்றே வீட்டுக்குப் போய், உங்களுக்கு வேண்டியவர்களைப் பேசவிட்டுப் பதிந்து வையுங்கள். அதை உங்கள் கைவசமே வையுங்கள். அவள் சொன்ன சொல்லெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சொன்ன குரல்தான் நாளுக்கு நாள் மறந்துகொண்டே வருகிறது.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.